கல்லீரலுக்கு ஒரு வரவேற்புக் குழு

மனித உடம்பில் இதயத்துக்குக் கவிஞர்கள் இருக்கிறார்கள். வயிற்றுக்குச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். பல்லுக்குக்கூட ஈப்போவில் மாடி மேல் மாடியாக டாக்டர்கள் இருக்கிறார்கள். கேட்க நாதியில்லாமல் கிடந்தது கல்லீரல் ஒன்றுதான். அந்த அநீதியை ஒழித்து, கல்லீரலுக்கென்று ஒரு தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், செயலாளர், பொருளாளர், மகளிர் பிரிவு, ஒலிபெருக்கி ஆகியவற்றை ஏற்படுத்திக் கொடுத்த பெருமை உலகத்திலேயே கரடிப்பாறைத் தோட்டத்தைத்தான் சேரும். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலா கங்சார் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் சடக்கோரம் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஆண்டு 1986.

தோட்டம் என்று பெயர்தானே தவிர, அப்போது தோட்டம் கிடையாது. அதைத் துண்டு போட்டு விற்று வெகு காலம் ஆகியிருந்தது. ரப்பர் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறி ஜெலாப்பாங்குக்குப் போய் வந்தார்கள். ஆனால் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், ஆற்றோர டிவிஷன் என்ற மூன்று பிரிவுகளும், எந்த டிவிஷனுக்கு முதல் மாலை என்ற வழக்கும், ஒரு குறையும் இல்லாமல் உயிரோடு இருந்தன. நிலம் போனால் போகிறது, மரியாதையை விட்டுக் கொடுக்க முடியுமா?

'கரடிப்பாறை வட்டாரக் கல்லீரல் பாதுகாப்புச் சங்க'த்தின் நிறுவனர், தலைவர், புரவலர் எல்லாமே திரு. கார்த்திகேசுதான். சடக்கோரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். முன்பக்கம் அரிசி, பருப்பு, பால்மாவு. பின்பக்கம் கொக்கு மார்க் சம்சு. கைக்கு அடக்கமான போத்தல், ஏழைக்கு ஏற்ற சாராயம். உழைத்து வருகிறவனின் அலுப்பு தீரவேண்டும் என்ற நல்லெண்ணத்தைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை. அப்படி அலுப்புத் தீர்ந்தவர்கள் சிலர் வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது ஊரிலேயே அதிகமாகக் கலங்கிப்போனவரும் அவர்தான். வாடிக்கையாளரின் ஈரலைப் பற்றிக் கவலைப்பட்ட கடைக்காரர் இந்த உலகத்தில் வேறு யார்? உடனே சங்கம் ஆரம்பித்தார்.

கத்தரின் அந்தச் சங்கத்துக்குள் வந்தது கொள்கைக்காக அல்ல, புருஷனுக்காக. ஜெலாப்பாங்கில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் டின் அடைக்கிற வேலை அவளுக்கு. புருஷன் கஸ்பார் லாரி டிரைவர். கார்த்திகேசு கடையின் பின்பக்கத்துக்குப் பல வருடம் விசுவாசமாக இருந்தவன். தவக்காலத்தில் குடியை விட்டான். ஈஸ்டர் வந்து போன பிறகும் தொடவில்லை. ஆனால் அதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது, கால் சட்டைப் பித்தான் போட முடியாமல் வயிறு முன்னால் வந்துவிட்டது, பேச்சுக்கு நடுவிலேயே தூங்க ஆரம்பித்திருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டான்.

"எங்க அண்ணன் நடந்துதான் போனாரு. வேன்லதான் வந்தாரு. என்னை விட்ரு."

இப்படிப்பட்ட வேளையில்தான் தலைவர் கார்த்திகேசு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து ஈரல் டாக்டர் சதாசிவம் வரப்போகிறார், பாலாய் ராயா மண்டபத்தில் சொற்பொழிவு, இலவசப் பரிசோதனை என்றார்.

"தங்கச்சி, நீதான் நன்றியுரை சொல்லணும்."

"நானா அண்ணே? எனக்கு மைக்ல பேசிப் பழக்கமில்லையே."

"பேச வேணாம்லா. எழுதிக் கொடுக்கிறதைப் படிச்சாப் போதும். போன நிகழ்ச்சியில கிறிஸ்தவங்களை மேடையில காணோம்னு ஒரு பேச்சு வந்திருச்சு. நீ ஏறிட்டா ஒற்றுமைக்கு ஒற்றுமையும் ஆச்சு."

"எங்க வீட்டுக்காரரை டாக்டர் பாப்பாராண்ணே?"

"பாக்கத்தானே வாராரு. நீ மேடையில இருக்கிற ஆளு. உன் வீட்டுக்காரரைப் பாக்காம யாரைப் பாப்பாரு?"

அன்று மாலை அவள் கஸ்பாரிடம் விஷயத்தைச் சொன்னாள். பாதியிலேயே கஸ்பாருக்குக் கண் செருகியது. தோளைத் தட்டி எழுப்பி மறுபடி சொன்னாள்.

"சரி, வாரேன். நம்ம மண்டபம்தானே" என்றான். "ஆனா அன்னிக்கு ஒரு நாள்தான். அன்னிக்குப் பாக்க முடியலேன்னா அப்புறம் டாக்டருன்னு என்கிட்ட பேச்சை எடுக்கக் கூடாது."

அவன் சொன்னால் சொன்னதுதான் என்பது கத்தரினுக்குத் தெரியும். கல்யாணத்தன்று மாமனார் வீட்டில் ஒரு வார்த்தை தடித்ததற்காகப் பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கம் போகாதவன். அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவனைக் காப்பாற்ற இன்னொரு நாள் கிடைக்காது என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

சங்கமோ அந்த நாளுக்காக இரவு பகலாக உழைத்தது. வரவேற்புக் குழு, மாலைக் குழு, மதிய உணவுக் குழு, குழுக்களுக்கிடையே சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்புக் குழு. கடைசிக் கூட்டத்தில் தலைவர் ஒரு தீர்க்கதரிசனமான யோசனையை முன்வைத்தார்.

"குடிச்சிட்டு எவனாவது வந்து டாக்டர் முன்னால நின்னா நம்ம தோட்டத்துக்கே மலு, மானம் போயிரும். வாசல்ல ஆள் போடணும். வாசம் அடிச்சா உள்ள விடக்கூடாது."

"ஈரல் கெட்டவன் எல்லாம் குடிச்சவன்தானேண்ணே. அப்புறம் டாக்டர் யாரைத்தான் பாப்பாரு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"ஒழுக்கமானவங்களைப் பாப்பாரு" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வாசல் பொறுப்பு பத்துமலைக்குக் கொடுக்கப்பட்டது. அதைவிடப் பொருத்தமான நியமனம் எந்த அரசாங்கத்திலும் நடந்திருக்காது. தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் பத்துமலைதான் மண்டோர், பால்வெட்டுக்காரர்களை மேய்க்கிற கங்காணி. பால் வாளிகள் வரிசையாக வந்து நிற்கும். குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், எந்த வாளியில் பால் புளித்துவிட்டது, எந்த வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வெள்ளைக்கார துரையே அந்த மூக்கை நம்பித்தான் கணக்கு எழுதினான் என்பார்கள். மரங்கள் போனபின் வேலையில்லாமல் கிடந்த அந்த மூக்குக்குக் கல்லீரல் சங்கம் மறுவாழ்வு கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கத்தரின் பூசைக்குப் போகவில்லை. கஸ்பாருக்குப் பசியாற ரொட்டி கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, மெதுவாக நடத்திக் கூட்டி வந்தாள். மண்டப வாசலில் பத்துமலை வாலண்டியர் பட்டையோடு நின்றார். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து வாயைத் திறந்து ஊத வேண்டும். பழைய பழக்கத்தில் அவர் குனிந்து குனிந்து முகர்ந்தார்.

கஸ்பாரிடம் வந்தபோது மூக்கைச் சுருக்கினார். மறுபடியும் முகர்ந்தார்.

"போயிட்டு நாளைக்கு வா கஸ்பாரு."

"நாளைக்கு டாக்டர் இருக்கமாட்டாரே மண்டோரே."

"நான் என்னப்பா பண்றது? வாசம் அடிக்குது. கொஞ்சம் இனிச்சாப்ல, கொஞ்சம் புளிச்சாப்ல."

"தவக்காலத்துல இருந்து நான் தொடலலா."

"அவரு குடிக்கல மண்டோரே, சத்தியமா" என்றாள் கத்தரின். "நான் கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தங்கச்சி, நாப்பது வருஷத்துல என் மூக்கு ஒரு வாளியைத் தப்பாச் சொன்னதில்ல."

அதற்குள் செயலாளர் ஓடிவந்து, மேடையில் ஒற்றுமை குறைகிறது, சீக்கிரம் வாருங்கள் என்று கத்தரினை உள்ளே இழுத்தார். திரும்பிப் பார்த்தாள். கஸ்பார் வாசலுக்கு எதிரே மரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மேடையில் ஏறியதும் முதல் வேலையாகத் தலைவரின் காதில் குனிந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரை வாசல்லயே நிறுத்திட்டாங்க."

"நிறுத்தாம? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் தங்கச்சி. மேடையில இருக்கிறவங்க வீட்டுக்காரருன்னு நானே சலுகை கொடுத்தா நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

எவ்வளவு நேர்மையான மனிதர்.

டாக்டர் சதாசிவம் காலையிலேயே வந்துவிட்டார். சின்ன வயசு, சின்னக் கார். கையில் ஸ்டெதாஸ்கோப்பும், முகத்தில் ஒரு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும் என்ற கவலையும் இருந்தன. அவர் காரை விட்டு இறங்கிய இடத்திலேயே மேளம் பிடித்துக்கொண்டது. மேல் டிவிஷன் மாலை எடுத்து முன்னால் வந்தது. கீழ் டிவிஷன் மறித்தது. போன தீமிதியில் மேல் டிவிஷனுக்குத்தான் முதல் மாலை போனது, இந்தத் தடவை தங்களுக்கு என்றது. ஆற்றோர டிவிஷன், தாங்கள் எப்போதுமே பொறுமைசாலிகள் என்று சொல்லிக்கொண்டே இருவரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. டாக்டர் வெயிலில் நின்றார். கடைசியில் மூன்று மாலையையும் ஒரே நேரத்தில் போட்டார்கள். டாக்டர் கழுத்துக்கு மேலே கண் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

பிறகு இறைவாழ்த்து. வரவேற்புரை. வரவேற்புரையில் விடுபட்டவர்களுக்கு இன்னொரு வரவேற்புரை. தலைமையுரையில் தலைவர் கார்த்திகேசு, கல்லீரல் என்ற சொல்லின் பெருமை, தமிழனின் பெருமை, தன் பாட்டனார் கப்பலில் வந்த வரலாறு ஆகியவற்றைத் தொட்டு, 'ஈரல் இல்லையேல் இனம் இல்லை' என்று முடித்தபோது கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. அவருக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் 'ஆதரவு: கார்த்திகேசு மளிகை, எல்லாச் சாமான்களும் கிடைக்கும்' என்று எழுதியிருந்தது.

கடைசியில் டாக்டருக்கு மைக் கிடைத்தது. கூடவே, "சுருக்கமா, டாக்டர்" என்ற வேண்டுகோளும் கிடைத்தது.

"எல்லாரும் ஈரல் கெட்டுப்போச்சு, ஈரல் கெட்டுப்போச்சுன்னு ஈரலைத்தான் ஏசுறோம்" என்று தொடங்கினார் டாக்டர். "ஈரலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ரத்தச் சந்து ஏகப்பட்டது ஓடுது. ஒவ்வொரு சந்துக்கும் மெல்லிசா ஒரு சுவரு. செங்கல் சுவரு இல்ல, உயிருள்ள செல்லுங்க பாய் விரிச்ச மாதிரி ஒட்டிப் படுத்திருக்கும். உடம்புல மத்த எடத்துல இந்தச் சுவரு அடைப்பா இருக்கும். ஈரல்ல மட்டும் சல்லடை மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கு. நாம சாப்பிடுறது, மருந்து, எல்லாம் அந்தப் பொத்தல் வழியாத்தான் ஈரலுக்குப் போய்ச் சேருது."

கத்தரின் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"தினமும் சம்சு போனா முதல்ல மாறுறது இந்தச் சுவருதான். பொத்தல் ஒண்ணொண்ணா மூடிக்கும். சுவருக்குப் பின்னால நார் நாராப் படியும். ரத்தம் பக்கத்துலயே ஓடும், ஈரல் பட்டினி கிடக்கும். ஈரல் கல்லாப் போறதுக்கு முன்னாடியே சுவரு கெட்டுப் போயிருதுன்னு இப்போ பெரிய மைக்ராஸ்கோப் வச்சுப் பாத்துச் சொல்றாங்க."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து லேசாக இருமினார். சம்சு என்ற சொல்லுக்கும் இருமலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"உள்ள போக முடியாத ரத்தம் எங்க போகும்? வெளியில தேங்கும், வயித்துல தண்ணி சேரும். மிச்சம் சுத்து வழி பிடிச்சு ஓடிரும். ஈரல் வடிகட்ட வேண்டிய அழுக்கு அப்படியே மூச்சுல வரும். அதுக்குன்னு ஒரு வாசம் இருக்கு. இனிப்பும் புளிப்புமா, அழுகின பழம் மாதிரி. குடிச்ச வாசம்னு தப்பா நினைச்சிருவாங்க. அந்த வாசம் வந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது."

கத்தரினுக்கு அந்த வாசம் தெரியும். பல நாளாகக் கஸ்பாரின் தலையணையில் அடித்துக்கொண்டிருந்த வாசம் அது. வெளியே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் டாக்டர் சொன்னது அத்தனையும் மரத்தடிக்கும் வாசலுக்கும் கேட்டிருக்கும். எழுந்து போகப் பார்த்தாள். செயலாளர், "நிகழ்ச்சி முடியிற வரைக்கும் மேடையை விட்டு இறங்கக் கூடாது தங்கச்சி, மரியாதை இல்ல" என்று உட்கார வைத்தார்.

பரிசோதனை ஆரம்பமானது. முன்வரிசையில் இருந்த 'ஒழுக்கமானவர்கள்' வந்தார்கள். தலைவரின் மைத்துனருக்கு முட்டி வலி. துணைத்தலைவருக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். கீழ் டிவிஷன் பெரியவர் ஒருவர், நண்டு சாப்பிட்டால் ஏன் அரிக்கிறது என்று கேட்டார். எல்லாருடைய ஈரலும் தங்கம்போல இருந்தது. டாக்டர் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊருல ஈரல் கெட்டவங்களே இல்லையா?" என்று ஆச்சரியப்பட்டார். "எல்லாம் சங்கத்தோட முயற்சி" என்றார் தலைவர் அடக்கமாக.

"அப்ப நான் கிளம்பலாமா? வார்டுக்கு நேரமாச்சு."

"நன்றியுரை இருக்கு டாக்டர்."

கத்தரின் மைக் முன்னால் வந்து நின்றாள். கையில் இருந்த தாளில் தலைவரின் பெயர் ஆறு இடத்தில் அடிக்கோடிட்டிருந்தது. முதல் இடத்தைப் படித்தாள். கதவு வழியாக மரத்தடி தெரிந்தது. கஸ்பார் எழுந்து, வீட்டுப் பக்கம் போக மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். அவள் தாளை மடித்துவிட்டாள்.

"டாக்டர், எனக்குப் பேசத் தெரியாது. நீங்க சொன்னது எனக்குச் சரியா வெளங்குச்சான்னு சொல்லிப் பாக்கிறேன். தப்புன்னா திருத்துங்க."

"சொல்லுங்கம்மா."

"ஈரலுக்கு வேண்டியது எல்லாம் கிட்டக்க வந்திருச்சு. ஆனா நடுவுல நிக்கிறவங்க பொத்தலை எல்லாம் அடைச்சிக்கிட்டாங்க. அதனால வந்தது வந்த வழியே போவுது. பின்னால இருக்கிறவன் கிடந்து சாவுறான். அப்படித்தானே?"

"ரொம்பச் சரி."

"அப்ப எங்க சங்கத்துக்கு நன்றி சொல்லணும். நீங்க வாயால சொன்னதை அவங்க காலையில இருந்து செஞ்சு காட்டிட்டாங்க. நீங்க சொன்ன வாசம் எங்க வீட்டுக்காரருக்கு அடிக்குது. குடிகாரன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. அந்தா, வீட்டுக்குக் கிளம்புறாரு. இப்பப் போனா இனிமே வரமாட்டாரு. நன்றி, வணக்கம்."

'நன்றி, வணக்கம்' என்று கேட்டால் கைதட்டுவது சபையின் வழக்கம். அனைவரும் தட்டினார்கள். இன்னும் சாப்பாட்டு யோசனையில் இருந்த தலைவர்தான் அதிக நேரம் தட்டினார்.

டாக்டர் மாலைகளைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு விறுவிறு என்று வாசலுக்கு நடந்தார். "நினைவுப் பரிசு இருக்கு டாக்டர்" என்று செயலாளர் பின்னால் ஓடினார். வாசலில் பத்துமலையைக் காணவில்லை. அவர் மரத்தடியில் கஸ்பாரின் தோளைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "போகாத கஸ்பாரு, ஸ்பீக்கர்ல கேட்டேன், போகாதப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வாசம் இருந்திச்சு. என் மூக்கு பொய் சொல்லல" என்றார், கண் கலங்க.

"மூக்கு சரிதான்யா. அந்த வாசம் வந்தவரைத்தான் முதல்ல உள்ள விட்டிருக்கணும்."

டாக்டர் கஸ்பாரைக் கல்லில் உட்கார வைத்து, கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தட்டினார். "கையை முன்னால நீட்டி, போலீஸ்காரன் காரை நிறுத்துற மாதிரி வச்சுக்குங்க" என்றார். கஸ்பாரின் உள்ளங்கைகள் நிற்காமல் படபடத்தன. டாக்டர் அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"முடிஞ்சு போச்சா டாக்டர்?" என்று கேட்டான் கஸ்பார்.

"முடியல. லேட்டு. படிஞ்ச நார் லேசுல போகாது. ஆனா அது உயிருள்ள சுவரு, குடியை விட்டவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்குதுன்னு சொல்றாங்க. நீங்கதான் விட்டுட்டீங்களே. இன்னிக்கே வார்டுக்கு வாங்க."

"வேன்ல திருப்பி அனுப்பிர மாட்டீங்களே?"

"என் கார்ல கூட்டிட்டுப் போறேன். திரும்பி வாரப்ப பஸ்ஸுல வாங்க. டிக்கெட்டு உங்க செலவு."

கஸ்பார் பல நாளுக்குப் பிறகு சிரித்தான். கத்தரினுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே காரின் பின்கதவைத் திறந்தாள்.

அங்கேயும் இடமில்லை. மாலைகளை மாலைக் குழு ஏற்கெனவே பின் சீட்டில் மரியாதையாகக் கொண்டுவந்து வைத்திருந்தது. எடுங்கள் என்றாள். எந்த டிவிஷன் மாலையை முதலில் இறக்குவது என்ற கேள்வி எழுந்தது. முதல் மாலை எங்களுடையது என்று காலையில் சண்டை போட்ட மூவரும் இப்போது முதலில் இறக்க வேண்டியது மற்றவர்களுடையது என்றார்கள். கத்தரின் மூன்றையும் ஒரே வாராக வாரிச் சடக்கில் போட்டாள். பத்துமலை கஸ்பாரைத் தாங்கிப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார். அவளும் ஏறிக்கொண்டாள்.

தலைவர் கார்த்திகேசு இப்போதுதான் வந்து சேர்ந்தார். புகைப்படக்காரரும் கூட வந்திருந்தார். தலைவர் கார்க் கதவில் ஒரு கையை வைத்து, மறு கையால் கஸ்பாரைச் சுட்டிக்காட்டி, படம் எடுக்கத் தோதாக நின்றார். அவருக்குக் கோபமே இல்லை. பெரிய மனசு.

"பரவாயில்ல தங்கச்சி, மேடையில ஏதோ பேசிட்டே. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. இந்தச் சங்கம் மட்டும் இல்லேன்னா உன் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு டாக்டர் கெடைச்சிருப்பாரா?"

டாக்டர் எஞ்சினைக் கிளப்பினார். கத்தரின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க சங்கம் இல்லேன்னா டாக்டரு காலையிலயே கெடைச்சிருப்பாருண்ணே" என்றாள். "உங்க கடை இல்லேன்னா டாக்டரே தேவைப்பட்டிருக்காது."